செஞ்சி மூட்டையும் மாஸ்கோ பொட்டலமும்

ரஷ்ய வீடுகளில் அரிசி வேகும் விதம் நம் ஊர்ப் பெண்களுக்கு வேடிக்கையாக இருக்கும். துளையிட்ட சிறு பிளாஸ்டிக் பை ஒன்றில் 80 கிராம் அரிசி. அப்படி ஐந்து பைகள் ஓர் அட்டைப்பெட்டியில். கொதிக்கிற தண்ணீரில் பையோடு போட்டு, வெந்ததும் தூக்கி, தண்ணீர் சொட்டி முடிந்தபின் பையைக் கத்தரித்துத் தட்டில் கொட்டிக்கொள்கிறார்கள். கஞ்சி வடிக்கிற வேலை இல்லை, அடிப்பிடிக்கிற கவலையும் இல்லை. இந்தப் பெட்டிகளில் நிறைய விற்பது புழுங்கல் அரிசி. ஒட்டாமல் உதிரியாக வருவதால் அவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ரஷ்யாவின் சொந்த அரிசி தெற்கே கிராஸ்னதார் பகுதியில் விளைகிறது. அது பெரும்பாலும் குண்டு அரிசி, பால் கஞ்சிக்குப் பொருத்தம். நீள அரிசி வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ராஜகிரி மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஊர்க்காரர்களுக்கு அது ‘கமிட்டி’. தமிழகத்தின் பெரிய நெல் சந்தைகளில் ஒன்று. அறுவடைக் காலத்தில் அனந்தபுரம், வல்லம், மேல்மலையனூர் பக்கத்து உழவர்கள் 75 கிலோ மூட்டைகளோடு வந்து இடத்துக்குக் காத்திருப்பார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியப் படைக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். கோட்டைக்கு உலக முகவரி கிடைத்துவிட்டது. கமிட்டி மூட்டைக்கு இன்னும் ஆரணி, களம்பூர் ஆலைகள்தான் முகவரி.

புழுங்கலை விரும்பி வாங்கும் நாடு ஒன்று இருக்கிறது. புழுக்கத் தெரிந்த ஆலைகள் இங்கே இருக்கின்றன. நடுவில் என்ன தடுக்கிறது?

இதை இப்போது கேட்கக் காரணம் உண்டு. 2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த வணிகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் நாம் அங்கிருந்து வாங்கியது 6,384 கோடி டாலர், பெரும்பகுதி கச்சா எண்ணெய். நாம் அவர்களுக்கு விற்றது 488 கோடி டாலர். ஒரு ரூபாய்க்கு விற்று 13 ரூபாய்க்கு வாங்குகிற கணக்கு இது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் தங்களுக்குக் கோடிகோடியாக ரூபாய் சேர்ந்து கிடக்கிறது, அதை வைத்து என்ன செய்வதென்றுதான் பிரச்சினை என்று வெளிப்படையாகவே சொன்னார். வாங்குபவர் கையில் நம் பணம் இருக்கிறது, வாங்கச் சரக்கு இல்லை. எந்த வியாபாரியும் ஏங்குகிற நிலைமை.

2025 ஆகஸ்ட்டில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் அடங்கிய யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் பேச இந்தியா மாஸ்கோவில் வரைமுறைகளில் கையெழுத்திட்டது. அதே மாதக் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மேல் 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. எண்ணெய் வாங்கியவர்கள் யாரோ, தண்டம் கட்டியது திருப்பூர் பனியனும் ஆம்பூர்ச் செருப்பும். டிசம்பரில் புதின் தில்லி வந்தபோது, 2030க்குள் வணிகத்தை 10,000 கோடி டாலருக்கு உயர்த்தும் இலக்கை இரு தரப்பும் மறுபடி உறுதி செய்தன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவை விட்டு வெளியேறிய மேற்கத்திய நிறுவனங்களின் அலமாரி இடத்தைச் சீனாவும் துருக்கியும் முந்திக்கொண்டு பிடித்துவிட்டன. நாம் இப்போதுதான் விலை கேட்க ஆரம்பித்திருக்கிறோம்.

நீலகிரி குடித்த கசப்பு

ரஷ்யா தமிழகத்துக்குப் புதிய வாடிக்கையாளர் இல்லை. 1953 டிசம்பரில் முதல் வணிக ஒப்பந்தம். சில ஆண்டுகளில் டாலரே இல்லாமல் ரூபாய்க் கணக்கில் கொடுக்கல் வாங்கல் தொடங்கியது. அவர்கள் உருக்காலை இயந்திரமும் விமானமும் ஆயுதமும் தந்தார்கள். நாம் தேயிலை, காப்பி, தோல், காலணி மேல்பாகம், துணி அனுப்பினோம். வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் ‘ரஷ்யா ஆர்டர்’ என்றால் கவலையில்லாத ஆர்டர் என்று பொருள்.

தேயிலையில்தான் அந்த உறவு மிக ஆழமாகப் போனது. சோவியத் நாட்டுக்குள் தேயிலை, காப்பி, பழம் வாங்குவதற்கென்று சோயுஸ்பிளோதோஇம்போர்ட் என்ற ஒரே அரசு நிறுவனம் இருந்தது. மாஸ்கோவில் தேநீர் குடித்தவர் எது நல்லது, எது மோசம் என்று எண்ணினார் என்பது இங்கே யாருக்கும் தெரியவேண்டிய அவசியமே இல்லை. அந்த ஒரு நிறுவனத்தின் ஆட்கள் ஏலத்தில் கை தூக்கினால் போதும். குன்னூர், கொச்சி, கொல்கத்தா ஏல மையங்கள் அவர்களை நம்பி மூச்சு விட்டன. நீலகிரியில் உருளைக்கிழங்கு போட்ட படுகர் நிலங்களிலும் தேயிலைச் செடி ஏறியது. சிறு விவசாயி தன் இலையைப் பக்கத்து ஆலைக்கு விற்பார், ஆலை அதைத் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்பும், ஏலத்தில் ரஷ்யா எடுக்கும்.

1991இல் சோவியத் நாடு கலைந்தது. கலைந்தபோதும் ஒரு விசித்திரம் நடந்தது. இந்தியா அவர்களுக்குத் தரவேண்டிய பழைய கடன் பாக்கியை 1993 ஒப்பந்தப்படி ரூபாயில் அடைத்தது. ஒரு பகுதி 12 ஆண்டுகளில், மீதி வட்டியில்லாமல் 45 ஆண்டுகளில். அந்த ரூபாயைக் கொண்டு ரஷ்யர்கள் நம்மிடமே சரக்கு எடுத்தார்கள். அதனால் தேயிலை தொடர்ந்து போனது. ஆனால் வாங்குபவர் மாறிவிட்டார். அரசு நிறுவனம் போய்த் தனியார் இடைத்தரகர்கள் வந்தார்கள். கடன் கணக்கில் கழிகிற சரக்குக்குத் தரம் பார்ப்பவர் குறைவு. மட்டமான தூளும் அந்தக் கணக்கில் கப்பலேறுகிறது என்று அப்போதே புகார் எழுந்தது. ரஷ்ய வீட்டில் இந்தியத் தேயிலை என்றால் மலிவு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலைத் தேயிலையோடு, சிங்க முத்திரையோடு, விளம்பரத்தோடு இலங்கை உள்ளே நுழைந்தது. 1998 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தது, ரூபிள் சரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நீலகிரியில் பச்சைத் தேயிலை கிலோ ஒற்றை இலக்க ரூபாய்க்கு விழுந்தபோது சிறு விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். உற்பத்திப் பெருக்கம், உள்நாட்டு விலை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரு மாவட்டமே செடி நட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இன்றும் ரஷ்யா நம் தேயிலையை வாங்குகிறது. மொத்தமாக இறக்கி, அங்கேயே கலந்து, அங்கேயே பொட்டலம் கட்டுகிறார்கள். கிரீன்ஃபீல்டு, டெஸ் என்று ஆங்கிலப் பெயரோடு அலமாரியில் இருக்கும் பெட்டிகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வட்டாரத்து ஒரிமி நிறுவனத்துடையவை. இலை நம்முடையது, பெயரும் லாபமும் அவர்களுடையவை.

பிஞ்சு கற்றுத்தந்தது

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று திண்டுக்கல், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் இருக்கிறது. கெர்கின். விரல் நீள வெள்ளரிப்பிஞ்சு. நம் ஊரில் இதை யாரும் தின்பதில்லை. உப்பிலும் வினிகரிலும் ஊறிய வெள்ளரி இல்லாமல் ரஷ்ய மேசை நிறையாது. குளிர்காலத்துக்கென்று கோடையிலேயே சாடி சாடியாக வீட்டில் போட்டுவைக்கும் மக்கள் அவர்கள். நகர வாழ்க்கையில் அந்த வேலை குறையக் குறைய, கடைச் சாடியின் தேவை கூடியது.

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கித் தமிழகம், ஆந்திரம் என்று பரவிய இந்தப் பயிர், இன்று உலகின் கெர்கின் தேவையில் சுமார் 15 சதவீதத்தை இந்தியாவிலிருந்து நிரப்புகிறது. மத்திய அரசு தந்த கணக்கின்படி 2020-21இல் ஏற்றுமதி 2,23,515 டன், மதிப்பு 22.3 கோடி டாலர். ஏறக்குறைய 90 ஆயிரம் சிறு, குறு விவசாயிகள், 65 ஆயிரம் ஏக்கர். 90 நாள் பயிர். ஏக்கருக்கு சுமார் 4 டன் எடுத்தால் 80 ஆயிரம் ரூபாய் வரும், செலவு போகப் பாதி நிற்கும் என்பது அதே கணக்கு. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி வரிசையில் ரஷ்யாவும் வாங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, வாங்குபவரின் வாய் எப்படி வயல்வரை வந்து சேர்கிறது என்பது. மாஸ்கோ அங்காடியில் 720 மில்லி கண்ணாடிச் சாடி மேல் ‘3-6 செ.மீ.’, ‘6-9 செ.மீ.’ என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சென்டிமீட்டர்தான் இங்கே விவசாயியின் கூலி. கிலோவுக்கு எத்தனை பிஞ்சு நிற்கும் என்பதை வைத்துத் தரம் பிரித்து விலை போடுகிறார்கள். சிறிய பிஞ்சுக்கு அதிக விலை. ஒருநாள் பறிக்கத் தவறினால் பிஞ்சு காயாகிவிடும், விலை பாதியாகும். அதனால் குடும்பமே காலையில் கொடிக்கடியில் நிற்கவேண்டும். விதை, மருந்து, மேற்பார்வையாளர் எல்லாம் நிறுவனம் தரும், விலை முன்கூட்டியே பேசப்படும். எந்த மருந்தை எப்போது அடிக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு.

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். நிறுவனம் ‘வேண்டாம்’ என்று கழித்த காயை உள்ளூர்ச் சந்தையில் சீந்துவார் இல்லை, மாட்டுக்குத்தான் போடவேண்டும். பேரம் பேசும் பலம் முழுக்க ஒரு பக்கம். ஆனாலும் தேயிலை தவறிய இடத்தில் இது தவறவில்லை. ரஷ்யச் சந்தையில் தமிழகம் சறுக்கியது, இரண்டு அரசுகள் பேசி முடித்த கணக்குக்காக விளைவித்த இடத்தில். நின்றது, சாடியை வாங்கும் பெண்மணி கேட்ட அளவுக்கு விளைவித்த இடத்தில். தேனியிலுள்ள டாடா நிறுவனத்தின் உடனடிக் காப்பித் தூள் ஆலை ரஷ்யாவுக்கு நெடுங்காலமாக அனுப்பிவருவதும் இந்த இரண்டாவது வகைதான்.

வண்டுக்குத் தெரிந்த அரசியல்

ரஷ்யாவுக்கு உணவுப்பொருள் அனுப்புகிறவர் மனப்பாடம் செய்யவேண்டிய பெயர் ரோசெல்கோஸ்நாத்ஸோர். விலங்கு, பயிர் நலக் கண்காணிப்புத் துறை. சரக்கோடு போகும் பயிர் நலச் சான்றில், ஏற்றுமதியாளர்கள் பேச்சில் ‘பைட்டோ’வில், ஒரு வரி தவறினாலும் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்கும்.

2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைக்கு அந்தத் துறை தடை போட்டது. ஒரு சரக்கில் காப்ரா வண்டு இருந்ததாம். அப்போதுதான் இலங்கை அரசு, உடல்நலக் காரணத்தால் கல்நார் இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்திருந்தது. கல்நார் விற்பதில் ரஷ்யா முன்னணி நாடு. கொழும்பு தன் முடிவைத் தள்ளிவைத்தது, அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. 2024 பிப்ரவரியில் ஈக்வடார் நாட்டின் ஐந்து வாழைப்பழ ஏற்றுமதியாளர்களை ரஷ்யா நிறுத்தியது. காரணம் ஒரு ஈ. ஈக்வடார் தன் பழைய சோவியத் ஆயுதங்களை அமெரிக்காவுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது. ரஷ்யா தின்னும் வாழைப்பழத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஈக்வடாருடையது. ஈக்வடார் பின்வாங்கியது, ஈயும் மறைந்தது. அதே பிப்ரவரியில் மகாராஷ்டிரத்திலிருந்து 20 டன் வாழைப்பழம் சோதனையாக ரஷ்யாவுக்குக் கப்பலேறியது. தேனி, திருச்சி வாழைக்காரர்கள் அந்தக் கன்டெய்னரைக் கவனித்திருக்க வேண்டும்.

அரசியல் இருக்கிறது என்பதற்காக வண்டு பொய் இல்லை. காப்ரா வண்டின் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம்தான். அதன் புழு கோணிப்பைத் தையலிலும் கிடங்குச் சுவர் விரிசலிலும் தீனியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், தானியம் வந்ததும் விழித்துக்கொள்ளும். பழைய கோணியைத் திரும்பத் திரும்பச் சுழற்சியில் விடுகிற நம் மண்டிகளில் அதற்கு வாடகையில்லா வீடு. கையில் வண்டே இல்லாவிட்டால், எதிராளி வண்டை வைத்து அரசியல் செய்ய முடியாது.

அனந்தபுரம் பக்கத்துச் செம்மண்ணில் நெல்லைவிட மணிலா என்கிற நிலக்கடலைதான் ரஷ்யக் கனவுக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிறது. ரஷ்யாவில் மணிலா பெரிய அளவில் விளைவதில்லை. அர்ஜென்டினா, பிரேசில், இந்தியா என்று வெளியிலிருந்துதான் வாங்குகிறார்கள். வறுத்துப் பீருக்குத் தொட்டுக்கொள்வதும், சாக்லெட்டில் போடுவதும், ‘கோசினாக்கி’ என்று பாகு ஊற்றிக் கட்டித் தின்பதும் அங்கே வழக்கம். கோசினாக்கியைக் கோவில்பட்டிக்காரர் பார்த்தால் கடலைமிட்டாய் என்றுதான் சொல்வார். விதை ஆராய்ச்சிக்கும் தூரம் போகவேண்டாம். 1940களிலிருந்து நாடு முழுக்க ஓடிய டி.எம்.வி. ரகங்கள் பக்கத்துத் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை.

தடை, அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. யூரேசிய ஒன்றியத்தின் விதிப்படி கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் பி1 நஞ்சுக்கு மேல் கூடாது. ஒரு டன் பருப்பில் 5 மில்லிகிராம். பயிரின் கடைசி நாட்களில் வறட்சி வந்தால் வயலிலேயே பூஞ்சை பிடிக்கும். அதற்கு உழவர் பொறுப்பில்லை. பிடுங்கியதைக் குவித்துவைத்துச் சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, உடைக்கும்போது பருப்பு பிளந்துபோகக் கூடாதென்று காயின்மேல் தண்ணீர் தெளித்து இயந்திரத்தில் விடுகிற பழக்கம் இருக்கிறதே, அது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது. தெளிக்காமல் உடைத்தால் முழுப்பருப்பு குறையும், கமிட்டியில் விலை குறையும். முழுப்பருப்புக்கு விலை தருகிற சந்தை, நஞ்சில்லாத பருப்புக்கு விலை தருவதில்லை. பிறகு உழவர் ஏன் பழக்கத்தை மாற்றுவார்? சென்னை ஆய்வகத்தில் மாதிரி தோற்றுப்போகிறது என்றால் அது இங்கே உடைப்பு ஆலையில் முன்பே தோற்றுப்போயிருக்கிறது.

அரிசியில் வேறு சிக்கல். ரஷ்யா கேட்பது நீளப் புழுங்கல், காக்கிநாடாத் துறைமுகம் வழியாகப் போகிற ஐ.ஆர். 64 போன்ற வகை. செஞ்சி கமிட்டிக்கு வருவது பொன்னி, பாபட்லா மாதிரி சன்னரகம், அதை நம் ஊரே நல்ல விலைக்குத் தின்றுவிடுகிறது. ரகம் மாற்றச் சொல்வதற்கு முன் தில்லி தன் வழக்கத்தை மாற்றவேண்டும். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. ஆகஸ்ட்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. 2024 செப்டம்பரில் 10, அக்டோபரில் பூஜ்யம். விலைவாசிக்காக எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் ஆண்டு முழுக்க ஒரே பெட்டியை அலமாரியில் வைத்திருக்க வேண்டிய ரஷ்யக் கடைக்காரர் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் ஆள் அனுப்பாமல் வேறென்ன செய்வார்?

பணமும் பாதையும்

2022இல் ரஷ்ய வங்கிகள் பல ஸ்விஃப்ட் என்ற பன்னாட்டு வங்கித் தகவல் வலையிலிருந்து வெட்டப்பட்டபின், அந்த ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாய்க் கணக்கில் வணிகம் தீர்க்க வழி திறந்தது. ரஷ்ய வங்கி இந்திய வங்கியில் சிறப்பு வாஸ்த்ரோ கணக்கு வைக்கும், நம் ஏற்றுமதியாளருக்கு அதிலிருந்து ரூபாய் வரும். காகிதத்தில் எளிது. நடப்பில் உள்ளூர் வங்கி மேலாளர் ‘ரஷ்யா’ என்ற சொல்லைக் கேட்டதும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறார், அமெரிக்கத் தடை தம்மீது பாய்ந்துவிடுமோ என்ற அச்சம். அங்கேயும் நிலைமை சுகமில்லை. 2024 அக்டோபரில் ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 21 சதவீதத்துக்கு ஏற்றியது. பிறகு படிப்படியாக இறங்கினாலும், அந்த வட்டிக்குக் கடன் வாங்கும் இறக்குமதியாளர் உங்களிடம் தொண்ணூறு நாள் தவணை கேட்பார். முன்பணம் இல்லாமல், ஏற்றுமதிக் கடன் காப்பீடு இல்லாமல் முதல் கன்டெய்னரை அனுப்புவது சூதாட்டம்.

பாதை பற்றி ஒரு கணக்கு. சென்னையிலிருந்து விளாதிவஸ்தோக்குக்கு நேர்க் கப்பல் வழி 5,647 கடல் மைல், அதாவது சுமார் 10,458 கிலோமீட்டர். மும்பையிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போவதைவிட மிகக் குறைவு என்று அறிவிப்புகள் பெருமையாகச் சொல்கின்றன. சரிதான். விளாதிவஸ்தோக்கிலிருந்து மாஸ்கோ ரயில் தூரம் 9,289 கிலோமீட்டர் என்பதை யாரும் பக்கத்தில் எழுதுவதில்லை. ரஷ்ய மக்களில் பெரும்பான்மையோர் யூரல் மலைக்கு மேற்கே வாழ்கிறார்கள். நிலக்கரியும் உரமும் வருவதற்கு அந்த வழி அருமை. 720 மில்லி சாடிக்கு இன்னும் கருங்கடலும் பால்டிக்கும்தான், அதாவது செங்கடல் ஏவுகணைகளும் நோவோரோசிஸ்க் துறைமுகத்து ட்ரோன்களும்தான் விதி.

கடைசிப் படி அலமாரி. பியாத்யோரச்கா, மாக்னித் என்ற இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனியே 20 ஆயிரத்துக்கு மேல் கடைகள். அவர்கள் மூட்டைக் கணக்கில் பேசமாட்டார்கள். ரஷ்ய மொழியில் விவரச்சீட்டு, யூரேசிய ஒன்றியத்தின் இ.ஏ.சி. முத்திரை, காலணி என்றால் 2020 ஜூலை முதல் ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் குறியீடு. ஆம்பூர் ஆலைகளுக்கு அது பழகிவிடும். அனந்தபுரத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தனியாக இதைச் செய்வது நடக்காத காரியம். ஏற்கெனவே ரஷ்யாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கெர்கின், காப்பி நிறுவனங்களின் தோளில் ஏறிக்கொள்வது நடக்கும். ஒரே இறக்குமதியாளர், ஒரே கன்டெய்னர், அதில் ஒரு மூலையில் நஞ்சு சோதித்த, வறுத்த, பொட்டலமிட்ட மணிலா. தண்ணீர் தெளிக்காத உடைப்பு ஆலை ஒன்றும், சிமென்ட் காயவைப்புக் களமும், கமிட்டி வளாகத்திலேயே ஒரு அஃப்லாடாக்சின் சோதனைக் கருவியும் முதலில் வேண்டும். வணிக ஒப்பந்தப் பேச்சில் மணிலாப் பருப்புக்கும் வறுத்த மணிலாவுக்கும் சலுகை கேட்டுச் சென்னையிலிருந்து யாராவது தில்லிக்கு எழுதினார்களா என்பதும் விசாரிக்க வேண்டிய விஷயம். இல்லையென்றால் இப்போதே எழுதலாம், பேச்சு முடிந்தபின் எழுதிப் பயனில்லை.

மாதிரிப் பொட்டலம் தயாரானால், சுவை பார்க்கச் சொல்ல மாஸ்கோ விமானச் சீட்டு எடுக்கவேண்டாம். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். ரமணாசிரமம் பக்கத்துச் செங்கம் சாலைக் கடைகளில் ரஷ்யர்கள் காய்கறி பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். சைவம் சாப்பிட்டு மலை சுற்றுகிற அவர்கள் சராசரி ரஷ்யர்கள் இல்லைதான். ஆனால் உப்பு தூக்கலா, மணிலாவில் பூஞ்சை வாசம் வருகிறதா, பொட்டலத்தில் எழுதியிருக்கும் ரஷ்ய மொழி படிக்கும்படி இருக்கிறதா என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.